ஜெராக்ஸில் விழாத பென்சில்

உள்தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பத்மநாபன் சார் ஒரு கணக்குச் சொன்னார். வகுப்பில் நாற்பத்து நான்கு பேர். நான்காவது கேள்வியில் முப்பத்தொரு பேர் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். தப்பு செய்வது சகஜம். ஆனால் முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரி வரியை மடக்கி எழுதி, கடைசியில் விடையைச் சுற்றி ஒரே மாதிரி இரட்டைக் கட்டம் போட்டிருந்தால் அது தப்பு இல்லை, தொற்றுநோய் என்றார். வகுப்பு சிரித்தது.

மூன்றாவது பெஞ்சில் செலின் சிரிக்கவில்லை. இரட்டைக் கட்டம் போடுவது யாருடைய பழக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

சார் முதல் பெஞ்சுப் பையனின் மேசையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் ஜி.எம். என்று இரண்டு ஆங்கில எழுத்து. மின்காந்தவியல் தாளுக்குப் படிப்பவர்கள் எல்லோரிடமும் அந்தக் கட்டு இருந்தது. அந்தத் தில்லிக் கல்லூரியின் வாசலுக்கு எதிர்ச் சந்தில் திவாரி ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். பத்து வருடத்துப் பல்கலைக்கழகக் கேள்வித்தாள்கள், ஒன்று விடாமல் கையால் போட்டுப் பார்த்தது. பாடப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது புத்தகம் எதற்கு. ஜி.எம். யார் என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் படித்தவர்கள் சொன்னார்கள், இந்த வருடம் இவர்கள் வாங்கினார்கள்.

"ஜி.எம்.னா என்னன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் சார், ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து. "ஜெனரல் மிஸ்டேக்."

இந்த முறை சாரும் சிரித்தார்; வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது.

கேள்வி இதுதான். ஒரு பெரிய உலோகத் தகடு, மண்ணோடு இணைத்தது. அதற்கு மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு மின்னூட்டம். தகடு அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது, அந்த அமைப்பின் ஆற்றல் என்ன? பழைய தாளில் வந்தது, மறுபடியும் வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற கேள்வி. தகட்டை மறந்துவிட்டு, அதற்குக் கீழே, கண்ணாடியில் தெரிவது போல, ஓர் எதிர் மின்னூட்டம் இருப்பதாக வைத்துக்கொண்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும். விசைக்கு அப்படி வருகிற விடையே சரி. ஆற்றலுக்கு மட்டும் அதில் பாதியை எடுக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே உண்மையில் எதுவும் கிடையாது. புலம் மேல்பக்கத்தில் மட்டும்தான். ஜி.எம். நோட்ஸில் அந்தப் பாதி எடுக்கப்படவில்லை.

செலினும் எடுக்கவில்லை. முப்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி. புத்தகத்தில் பாதி என்று போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருப்பது வேறு ஏதோ கணக்கு போலிருக்கிறது என்று மூடி வைத்தாள். புத்தகம் ஒன்று சொல்லி ஜெரால்டு ஒன்று சொன்னால் அவள் ஜெரால்டு பக்கம்.

ஜெரால்டு மதலைமுத்து அவளுடைய அண்ணன். இதே கல்லூரி, இதே வகுப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால், இரண்டாம் வருடம் படிக்கும்போது, அக்டோபர் மாதத்தில் டெங்கு வந்து ஐந்தாம் நாள் இறந்துபோனான். பத்து வருடத்துக் கேள்வித்தாள்களையும் போட்டு முடித்தவன் டிசம்பர் பரீட்சையை எழுதவில்லை.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து தன் ஜெராக்ஸைப் பிரித்தாள். அண்ணன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தவன் இதில் கோட்டை விடுவானா? ஊரே சிரிக்கிற மாதிரி எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான். அந்தப் பக்கத்தை முறைத்துப் பார்த்தபோதுதான் இரட்டைக் கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தூசி தெரிந்தது. மெஷின் அழுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கணக்கின் ஓரத்தில் மட்டும் தூசி. அழுக்கு என்றால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் அல்லவா விழ வேண்டும்?

அவளுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. ஜெரால்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் ஒரு கேள்வித்தாளை எடுப்பான். போனில் மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, புத்தகத்தைத் தொடாமல், பேனாவால் எழுதுவான். மணி அடித்ததும் பேனாவை மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பான். அப்புறம் திருத்துவது எல்லாம் பென்சில். எங்கே சறுக்கினோம் என்று தெரிய வேண்டும், அதனால் பேனாவில் எழுதியதை அடிக்க மாட்டான். அம்மாவின் ஷாப்பிங் லிஸ்ட் பென்சில்தான், குட்டையாக, அழுத்தமில்லாமல் எழுதும்.

அந்தப் பென்சில் மெஷினில் விழவில்லை. ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பது அவன் சறுக்கிய இடங்கள் மட்டும். அவனே பார்த்துத் திருத்திய ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு, திருத்துவதற்கு முன்னால் இருந்ததை எடுத்துப் பெருக்கிப் பெருக்கி விற்றிருக்கிறார்கள்.

அவள் எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு படிப்படியாக இறங்கிப் போனது. அதை எடுக்கவில்லை. நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள்.

பத்மநாபன் சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். இந்தக் கல்லூரிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, ஜெரால்டைத் தெரியாது. தமிழர்தான், ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டார். அந்த நோட்ஸ் என் அண்ணன் ஜெரால்டு எழுதியது என்று அவள் தமிழில் சொன்னதும் ஸ்பூனை வைத்துவிட்டுப் பார்த்தார். இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டார். படிப்பை முடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். இறந்துவிட்டான் என்றால் எதிரில் இருப்பவர்களின் முகம் இளகிப்போகும். அப்புறம் அவர்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடமாக அதைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. பென்சில் விஷயத்தைச் சொன்னாள்.

"இருக்கலாம்மா. ஆனா எனக்கு முன்னாடி இருக்கற காகிதத்ததானே நான் பாக்க முடியும்? இதுல தப்பா இருக்கு."

"வகுப்புல சிரிச்சீங்க சார்."

"ஆமா, சிரிச்சேன்." அவர் மறுக்கவில்லை. "ஒரிஜினலைக் கொண்டு வா. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. நீ சொல்ற மாதிரி இருந்தா அதையும் வகுப்புலயே சொல்றேன்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் வீடு. அம்மா ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா மதலைமுத்து அலுவலகத்திலிருந்து இன்னும் வரவில்லை. ஜெரால்டின் சாமான்கள் எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. செலின் அதைக் கேட்காமல் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். நோட்டு இல்லை என்று தெரிந்ததும் செலின் பையிலிருந்து ஜெராக்ஸ் கட்டை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். நாலு மாதமாக அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த கட்டு.

அம்மா முதல் பக்கத்தைப் பார்த்தாள். விரலால் ஒரு வரியைத் தடவினாள். எழுத்து மேடு தட்டுகிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

"எங்கட்டி கெடச்சிது?"

"கடையில விக்கறாங்கம்மா. எல்லார்ட்டயும் இருக்கு."

"கடையிலயா?" அம்மா கட்டைப் புரட்டவில்லை. முதல் பக்கத்திலேயே கை இருந்தது. "நான்தானட்டி எடுத்துக் குடுத்தேன். காய்ச்சல் வந்து ரெண்டாம் நாள். அந்தக் கௌஷிக் பய வந்தான். இவன் கட்டில்ல கெடக்கான். ஆன்ட்டி, ரெண்டு நாள்ல தந்துர்றேன்னான். இந்த மேசையில இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். அடக்கத்துக்கு வந்தானே, அப்பவும் வாய் தொறக்கலியே சவத்துப்பய."

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்தது அம்மாதான். ஒரு சட்டையை மட்டும் இரண்டு முறை மடித்தாள்.

கௌஷிக் ஜெரால்டின் வகுப்புத் தோழன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். இப்போது நொய்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. புதன்கிழமை மதியம் செலின் இரண்டு மெட்ரோ மாறிப் போய், அவன் ஆபீஸ் கட்டிடத்துக் கீழே டீக்கடைக்கு அவனை வரவழைத்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் இளகியது. ஆன்ட்டி எப்படி இருக்கிறார், அங்கிள் ரிட்டயர் ஆகிவிட்டாரா என்று வரிசையாகக் கேட்டான். அவள் நோட்டு எங்கே என்றாள்.

அவனுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்ததும் சந்தோஷப்பட்டான். எல்லோரும் கேட்டுத் தொந்தரவு செய்ததால், தான் படித்து முடித்ததும் திவாரியிடம் கொடுத்தானாம். பரீட்சை நேரம், அப்புறம் திரும்ப வாங்க மறந்தே போயிற்றாம்.

"இன்னும் ஓடிட்டிருக்கா? வாவ். ஜெரி இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவான். எத்தனை ஜூனியர்ஸ் அதை வெச்சு பாஸ் பண்ணிருப்பாங்க."

செலின் ஜெராக்ஸை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி அவன் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் கேள்வி உன் பரீட்சையில வந்துதா?" அதுவரை அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை.

"வந்துது. பத்து மார்க்."

"ஆற்றலுக்குப் பாதி போட்டியா, முழுசு போட்டியா?"

அவன் அவளைப் பார்த்தான். "பாதி."

"எதைப் பாத்துப் போட்ட?"

"இதைப் பாத்துதான்." விரல் இரட்டைக் கட்டத்தின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. "பென்சில்ல இருந்துது. அரைன்னு. கீழ என்னவோ தமிழ்லயும் எழுதியிருந்தான். எனக்குத் தமிழ் படிக்க வராதே."

"அது இதுல எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நான் ஜெராக்ஸை எப்பவும் பாத்ததில்ல, செலின். என்கிட்டதான் ஒரிஜினல் இருந்துதே."

அவள் அதற்காகவே ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தது போலிருந்தது அந்த வார்த்தை. பத்து மார்க்கை ஒரிஜினலில் இருந்து எடுத்துக்கொண்டான். பின்னால் வந்தவர்களுக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டான். கெட்ட எண்ணம்கூட இல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

"வெள்ளிக்கிழமை காலேஜுக்கு வா. வந்து இதை சார்கிட்ட சொல்லு. பென்சில் இருந்துது, நான் பாத்தேன்னு சொல்லு."

லீவு கிடைக்காது என்றான். வேண்டுமானால் சாருக்கு ஒரு மெயில் போடுகிறேன் என்றான். அவள் ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா கையால வாங்கிட்டுப் போன. அவன் உயிரோட இருந்தான் அப்ப. உள் ரூம்லதான் இருந்தான். அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கல நீ."

"தூங்கிட்டிருந்தான், செலின்."

"தூங்கல. காய்ச்சல்."

மெயில் வரவில்லை. வரும் என்று அவளும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை திவாரி கடையில் வரிசை சந்து முனை வரை நின்றது. திங்கட்கிழமை பரீட்சை. அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் ஜி.எம். என்று மட்டும் சொன்னார்கள். திவாரி நிமிராமலே, ஏற்கெனவே எடுத்து அடுக்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முறை வந்ததும் காப்பி வேண்டாம், ஒரிஜினல் வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னாள். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

சுவரில் ஆணி ஆணியாகப் பாலிதீன் பைகள் தொங்கின. ஒன்றை இறக்கினார். முதலில் செலினுக்கு அது நோட்டு என்றே தெரியவில்லை. மெஷினில் வேகமாகப் போக வேண்டும் என்பதற்காக முதுகை அறுத்திருந்தார்கள். அம்மா பழுப்புக் காகிதத்தில் போட்ட அட்டை இல்லை. ஓரங்கள் கறுத்து, தாள் தாளாக, மூலையில் ஒரு கறுப்பு கிளிப். ஒன்பதாவது தாளை அவள் உருவினாள்.

பேனாவில் இரட்டைக் கட்டம். அதன் ஓரத்தில், வெளிறி, ஆனால் அசைக்க முடியாமல், அரை. அதற்குக் கீழே தமிழில்: 'மடையா, தகட்டுக்குக் கீழே என்ன இருக்கு? ஒன்னும் இல்ல. பாதிதான்.'

மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். அவன் தன்னைத் திட்டிக்கொள்வதற்கு மட்டும்தான் அதை எழுதுவான்.

திவாரி மறுபடி கையை நீட்டினார். பார்த்துவிட்டுத் தருவாள் என்று நினைத்திருந்தார். செலின் கட்டு முழுவதையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இது என் அண்ணன் எழுத்து, எடுத்துப் போகிறேன் என்றாள். அவர் குரலை உயர்த்தினார். நான் யாரிடமும் திருடவில்லை, கொண்டுவந்து கொடுத்தார்கள், மூன்று வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன், யார் செய்வார்கள் என்றார். பின்னால் வரிசையில் ஜல்தி கரோ, சீக்கிரம் ஆகட்டும் என்று சத்தம். பத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கண் இருட்டியது. பத்திரமாக வைத்தவன் முதுகை அறுப்பானா என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. புரிகிறதா இல்லையா என்பது அவளுக்கு அப்போது முக்கியமும் இல்லை. போலீஸைக் கூப்பிடுங்கள், இங்கேயேதான் நிற்கிறேன் என்று ஹிந்தியில் முடித்தாள்.

வரிசையைப் பார்த்தார் அவர். கைவிட்டார். எடுத்துப் போ, என்னிடம் காப்பி இருக்கிறது, காப்பிக்குக் காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் சந்து முனையைத் தாண்டுவதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் பத்மநாபன் சார் ஒன்பதாவது தாளை வாங்கி மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தார். பென்சிலையும் தமிழையும் படித்தார். உதடு லேசாக அசைந்தது. பிறகு தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து, எல்லோரும் உங்கள் நோட்ஸில் ஒன்பதாம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், பாதி போடுங்கள் என்றார். முப்பது பேனாக்கள் திருத்தின. சார் போர்டுப் பக்கம் திரும்பி அடுத்த பாடத்தை எழுதத் தொடங்கினார்.

செலின் உட்காரவில்லை.

"சார், திருத்தினது யாருன்னு சொல்லல நீங்க."

அவர் திரும்பினார்.

"தப்பா இருந்தப்ப பேரு வெச்சுச் சொன்னீங்க. ஜெனரல் மிஸ்டேக்னு. இப்ப சரியா இருக்கு. இப்பவும் பேரைச் சொல்லுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் அந்த வகுப்பில் மூன்று நாலு பேர்தான். ஆனால் எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள். சாருடைய காது சிவந்தது. அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்து, அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஆனால் அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த நோட்ஸை எழுதியவர் ஜெரால்டு மதலைமுத்து, இந்தக் கல்லூரி மாணவர். தப்பைச் செய்ததும் அவர்தான், கண்டுபிடித்துத் திருத்தியதும் அவர்தான். அதைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை நான் பேசியது தவறு.

பின் பெஞ்சிலிருந்து அபினவ் என்ற பையன் கேட்டான். "சார், இப்ப அவர் எங்க இருக்கார்? எம்.எஸ்ஸி. பண்றாரா? சந்தேகம் கேக்கலாமா?"

சார் செலினைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது.

"செத்துட்டார்" என்றாள் அவள், ஹிந்தியில். "மூணு வருஷம் ஆச்சு. இந்தப் பரீட்சை எழுத ரெண்டு மாசம் இருந்தப்ப."

முகங்கள் இளகத் தொடங்கின. சாரும் மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். யாரோ சாரி என்றார்கள். அவள் அதற்காக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மது என்ற பெண், செலினுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்பவள், தயங்கிக் கையைத் தூக்கினாள். "தப்பா நினைக்காத. வேற பக்கத்துலயும் பென்சில் இருக்கா? திங்கக்கிழமை எக்ஸாம்."

சிலர் மதுவை முறைத்தார்கள். செலினுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அதே நேரம், இந்த அறையில் ஜெரால்டைப் பற்றி முதன்முதலாக ஒருவர் உருப்படியாகக் கேட்ட கேள்வி இதுதான் என்றும் தோன்றியது.

"இருக்கு. பதினேழு இடத்துல."

நேற்று மாலை முழுக்க எண்ணியிருந்தாள். கிளிப்பைக் கழற்றித் தாள்களை மேசையில் பரப்பினாள். பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"போனைக் கீழ வைங்க." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. நான் போர்டுல போடறேன். கையால எழுதிக்கோங்க. புரியாம எழுதாதீங்க, கேளுங்க."

சார் டஸ்டரை எடுத்து, தான் எழுதிய பாடத்தை அழித்தார். பிறகு முதல் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் முதல் தாளை எடுத்தாள். இடப்பக்கம் பேனாவில் இருந்ததை எழுதினாள். வலப்பக்கம் பென்சிலில் இருந்ததை எழுதினாள். சாக்பீஸ் ஒடிந்தது, இன்னொன்றை எடுத்தாள். மடையா என்பதையும் விடாமல் எழுதினாள். அது என்ன எழுத்து, என்ன அர்த்தம் என்று அபினவ் கேட்டான்.

"அது அவன் தனக்குச் சொல்லிக்கிட்டது. உனக்கு வேண்டாம். கணக்கை எழுது."

மூன்றாவது திருத்தத்தில் மின்காப்புக் கோளத்துக்குள் புலத்தின் திசை பேனாவில் இருந்ததற்கு நேர் எதிராக இருந்தது. ஏன் என்று கேட்டார்கள். ஜெரால்டு பென்சிலில் ஏன் என்று எழுதியிருக்கவில்லை. சரியான குறியை மட்டும் போட்டிருந்தான். அவள் போர்டின் முன்னால் நின்று யோசித்தாள். நாற்பத்து மூன்று பேரும் சாரும் காத்திருந்தார்கள். அவசரப்படவில்லை அவள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது, கையில், சாக்பீஸ் பிடித்த இடத்தில். பிறகு ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் அம்புக்குறியைப் போட்டு, ஏன் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.